முழுகப் போனாலும் துணையோடு போகணும்

"அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீருக்குள் முழுகுவதைப் பற்றிக் கட்டுரை எழுத உனக்கு என்ன வந்தது?" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்குக் காரணம் இருக்கிறது.

வேலூரில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரே பெண். கனடாவில் டொராண்டோ நகரத்தில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் அவள் 'ஸ்கூபா' கற்றுக்கொண்டாள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் ஸ்கூபா. உருளையில் இருப்பது பலரும் நினைக்கிற மாதிரி ஆக்ஸிஜன் அல்ல. நாம் மூச்சு விடுகிற சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

அவள் முழுகுகிற இடம் டோபர்மோரி. டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஹியூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் சேருகிற முனையில் இருக்கிறது. அங்கே 1987ல் 'ஃபாத்தம் ஃபைவ்' என்று ஒரு தேசிய நீர்ப் பூங்கா அமைத்தார்கள். பழைய காலத்தில் மூழ்கிய கப்பல்கள் இருபதுக்கு மேல் அதில் கிடக்கின்றன. 1885ல் மூழ்கிய 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்கிற பாய்மரக் கப்பல், ஆறு மீட்டர் ஆழத்திலேயே இன்றும் உருக்குலையாமல் தெரிகிறதாம். கோடையில் மேல் தண்ணீர் இதமாக இருந்தாலும், ஆழத்தில் 4, 5 டிகிரிதான். நம் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்த தண்ணீருக்குள் உடம்போடு இறங்குகிற மாதிரி!

அக்கா அழாத குறை. "நீ சொன்னால் கேட்பாள், வேண்டாம்னு சொல்லுடி" என்றாள். சம்பாதிக்கிற பெண்ணை இங்கிருந்து அதட்டி என்ன பிரயோஜனம்? இன்று வேண்டாம் என்றால், நாளைக்கு நம்மிடம் சொல்லாமல் போவாள். அதனால் நான் வேறு வழி பிடித்தேன். "நீ என்னென்ன ஜாக்கிரதை எடுத்துக்கொள்கிறாய், ஒவ்வொன்றாகச் சொல்லு" என்று அவளையே கேட்டேன். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பாடம் நடந்தது. நானும் தேடிப் படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற தாய்மார்களுக்கு உதவும். ஊரில் கிணற்றில் குதிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் உதவும்.

மார்கழிப் பெண்களும் தனியாகப் போகவில்லை

குளிர்ந்த தண்ணீரில் முழுகுவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது? மார்கழி விடியலில் பெண்கள் நீராடப் போகிறார்கள். ஒருத்தியும் தனியாகப் போகவில்லை. வீடு வீடாகப் போய்த் தோழியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பக்திக்காகச் சொன்னது என்றாலும், குளிர் நீருக்குப் போகிறவர்களுக்கு முதல் பாடமும் அதுதான்.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்களிடமும் இதே பழக்கம் இருந்தது. கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கி உள்ளே போவார் ஒருவர். படகில் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார் இன்னொருவர். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அக்கா தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா! தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்.

இன்றைக்கும் பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் முழுகிக் கடற்பாசி எடுக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கூட்டமாகத்தான் போவார்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, 2015ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' அமைப்பின் விருதைப் பெற்றார். நம் ஊர்ப் பெண்ணுக்கு எத்தனை பெருமை!

ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. உறையவைக்கிற நீரில் முழுகிப் பிழைக்கும் பெண்களைப் பார்க்கக் கொரியாவுக்குப் போகணும்.

கொரியாவின் முழுகும் பாட்டிகள்

கொரியாவில் ஜெஜூ என்று ஒரு தீவு. அங்கே முழுகிச் சிப்பியும் பாசியும் எடுக்கிற பெண்களை 'ஹேன்யோ' என்பார்கள். காற்று உருளை கிடையாது, மூச்சை அடக்கித்தான். பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். 2016ல் யுனெஸ்கோ இவர்களுடைய வாழ்க்கை முறையை மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

ரப்பர் உடை வருவதற்கு முன்னால், 1970கள் வரை, இவர்கள் சாதாரணப் பருத்தித் துணியோடு குளிர்காலத்திலும் கடலில் இறங்கினார்கள். 1960களில் விஞ்ஞானிகள் கொரியாவின் முழுகும் பெண்களை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் 10 டிகிரி அளவில் இருக்கிற தண்ணீரில் இவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் தெரியுமா? அரை மணிக்கும் குறைவு. 37 டிகிரி இருக்க வேண்டிய உடம்பின் உள்சூடு 35க்கு இறங்குகிற சமயம் கரையேறி, கல் சுவர் கட்டிய அடைப்புக்குள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். உடம்பு பழையபடி சூடானால்தான் மறுபடி கடல். பல வருஷம் பழகிய உடம்புக்கே இவ்வளவு கட்டுப்பாடு!

"இன்னும் ஒரே ஒரு சிப்பி" என்கிற ஆசைதான் உயிரைக் குடிக்கும் என்பது இவர்கள் இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். தைரியத்தைவிட, எப்போது போதும் என்று தெரிந்திருப்பதுதான் இவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

குளிர் நீர் உடம்பை என்ன செய்கிறது?

குழந்தைக்குப் பால் சூடாக இருந்தால் என்ன செய்கிறோம்? டம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறோம். சும்மா மேடையில் வைத்தால் ஆற நேரமாகும். தண்ணீரில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். உடம்பும் அந்தப் பால் டம்ளர் மாதிரிதான்.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தகுந்த உடை இல்லாமல் உறைகுளிர் நீரில் விழுந்தவர்களுக்காக ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 1-10-1 என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

முதல் 1 நிமிஷம், மூச்சு. சில்லென்று பட்டதும் நம்மை அறியாமல் ஒரு பெரிய மூச்சை இழுப்போம். பிறகு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. பதறாமல் மூச்சை நிதானப்படுத்துவதுதான் அப்போது செய்ய வேண்டியது.

அடுத்த 10 நிமிஷம், கை கால். விரல்கள் சொன்னபடி கேட்கும் நேரம் இவ்வளவுதான். வெளியேற வேண்டிய காரியத்தை அதற்குள் பார்க்கணும்.

அதன் பிறகு 1 மணி நேரம். உடம்பின் உள்சூடு போய் நினைவு தப்ப அவ்வளவு நேரம் ஆகும். பலரும் நினைப்பது போல, விழுந்த உடனே குளிரில் விறைத்து யாரும் சாவதில்லை. முதல் நிமிஷப் பதற்றத்திலும், கை கால் ஓய்ந்து போவதிலும்தான் பல உயிர்கள் போகின்றன.

கிணற்றில் நீந்தியவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். காலை நீட்டினால் கீழே ஜில்லென்று ஒரு அடுக்கு தட்டுப்படும். ஏரியிலும் அப்படித்தான், ஆனால் வித்தியாசம் பத்து டிகிரிக்கு மேலேயும் இருக்கும். மேலே கையை விட்டுப் பார்த்து, "பரவாயில்லை" என்று உடையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு ஆழம் போகிறோமோ அந்த ஆழத்தின் குளிருக்குத்தான் உடை.

உடையில் சிக்கனம் கூடாது

இரண்டு வகை உடை. 'வெட் சூட்' என்பது பஞ்சு மாதிரியான ரப்பர். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் புகுந்து, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். தொளதொளவென்று இருந்தால் பிரயோஜனமில்லை. புதுத் தண்ணீர் வந்து வந்து சூட்டைக் கொண்டு போய்விடும். ஆழம் போகப்போக அழுத்தத்தில் ரப்பர் நசுங்கி மெலிந்துவிடும். குளிர் அதிகமான இடத்தில் காப்பு குறைந்துவிடுகிறது!

அதனால் உறைகுளிர் நீருக்கு 'டிரை சூட்'. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை இருக்கும். தண்ணீர் உள்ளே வராது. அதற்குள் கம்பளி மாதிரியான உள்ளாடை போட்டுக்கொள்ளலாம். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு குளிரும். இந்த உடைக்குள் இருக்கிற காற்று காலுக்குப் போய்விட்டால் ஆள் தலைகீழாகிவிடுவார்கள். ஆகையால் இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த பிறகுதான் ஏரியில் இறங்கணும். தலைக்கு முக்காடு, கைக்கு உறை, காலுக்குப் பூட்ஸ் கட்டாயம்.

மூச்சுக் குழாய் உறைந்தால்?

அக்காவை அதிகம் பயமுறுத்தியது இதுதான். சைக்கிள் டியூபில் வால்வை அழுத்திக் காற்றை விட்டால் விரலில் சில்லென்று படும் இல்லையா? அழுத்தி அடைத்த காற்று விரியும்போது குளிரும். உருளையிலிருந்து காற்றைக் குறைத்துத் தருகிற ரெகுலேட்டரிலும் அதுதான் நடக்கிறது. ஏற்கனவே 5 டிகிரி தண்ணீர், அதில் இந்தக் குளிரும் சேர்ந்தால் ரெகுலேட்டரில் பனி கட்டிக்கொள்ளும். மூடவேண்டிய பாகம் மூடாது. காற்று நிற்காமல் கொட்டி, சில நிமிஷங்களில் உருளை காலியாகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. 10 டிகிரிக்குக் கீழே உள்ள நீருக்கென்று சோதித்துச் செய்த ரெகுலேட்டர்தான் வாங்கணும். வருஷா வருஷம் சர்வீஸ் செய்யணும். குளிர்காற்றில் கரையில் நின்றுகொண்டு அதில் மூச்சு விட்டுப் பார்க்கக் கூடாது. ஒரேயடியாகக் காற்றை அழுத்தி விடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கூடவே தனியாக இன்னொரு மூச்சு வழி வைத்திருக்கணும். அப்படியும் கொட்டினால் பதறாமல், கொட்டுகிற காற்றிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு எடுத்துக்கொண்டு, ஜோடியோடு சேர்ந்து நிதானமாக மேலே வரணும். ஜோடியிடம் இருக்கும் உபரிக் குழாயை வாங்கிக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக்கூடாது. நுரையீரலில் உள்ள காற்று விரிந்து கிழித்துவிடும்.

மேலே வருவதில்தான் நிதானம்

ஆழத்து அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு உடம்பில் கரைந்துகொள்ளும். கோலி சோடாவைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதே, அந்த மாதிரி அவசரமாக மேலே வந்தால் உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரைக்கும் வரலாம். அதனால் நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நின்று வரணும்.

குளிர் இதில் இன்னொரு கெடுதலும் செய்கிறது. கை கால் விறைத்தால் அங்கே ரத்த ஓட்டம் சுருங்கி, கரைந்த வாயு வெளியே வருவது தாமதமாகும். ஆகவே நடுங்க ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் கீழே ஒரு நிமிஷமும் கூடாது.

போன செப்டம்பரில் எங்கள் பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. பதினைந்து மீட்டரில் அவளுக்கு நடுக்கம் எடுத்தது. கையால் சாடை காட்டினாள். கூட வந்த பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேரும் மேலே வந்துவிட்டார்கள். கப்பலைப் பார்க்கவே இல்லை. "அவ்வளவு பணம் கட்டினியே, வீணாப் போச்சே" என்று அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அம்மா, யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம 'போதும்'னு சொல்லலாம். அதுதான் எங்க முதல் விதி" என்றாள் அவள். எனக்கு அப்போதுதான் மனசு நிம்மதி ஆயிற்று.

கரையேறிய பிறகு

ஈரத்தைக் கழற்றி, காற்று படாத இடத்தில் உலர்ந்த துணியும் குல்லாவும் போட்டுக்கொள்ளணும். வெதுவெதுப்பாகச் சர்க்கரை சேர்த்த பானம் நல்லது. நம் சுக்குக் காபி பேஷ்! குளிரில் சிறுநீர் அதிகம் போய் உடம்பு வற்றியிருக்கும், தண்ணீரும் குடிக்கணும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம். மது கூடவே கூடாது. அது உடம்பைச் சூடாக்குவது போல் ஏமாற்றி, உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

விரலால் பட்டன் போட முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் உடம்பின் உள்சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றால் அது இன்னும் ஆபத்து. படுக்கவைத்து, ஈரத்தை அகற்றி, கம்பளியால் போர்த்தி, டாக்டரை அழைக்கணும். கை காலைத் தேய்த்துவிடக் கூடாது. நம் பெண்கள் முதலில் செய்வது அதைத்தான்!

யார் முழுகக் கூடாது?

இளம் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ஸ்கூபா முழுகவே கூடாது. கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டியதுதான். இருதய நோய், வலிப்பு நோய் உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், டாக்டர் பார்த்து அனுமதிக்காமல் இறங்கக் கூடாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் குளிர் நீரில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. தண்ணீருக்குள் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வெளியேறணும். சாதாரணச் சளி, மூக்கடைப்பு இருந்தால்கூட அன்றைக்கு வேண்டாம், காது பாதிக்கும்.

நம் ஊர்க் கிணறும் குளமும்

கார்த்திகை தீபம் முடிகிற சமயம் எங்கள் பக்கத்தில் கிணறும் ஏரியும் நிறைந்திருக்கும். "யார் ரொம்ப நேரம் முங்கி இருக்கிறது?" என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் வேக வேகமாக நாலைந்து பெருமூச்சு விடுவார்கள். இது மிகவும் ஆபத்து. அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்துவிடும். "மூச்சு விடு" என்று நம்மை உந்துவது அதுதான். அந்த உந்துதல் வருவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து, வலி இல்லாமல், சத்தம் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்துகிற பையன்தான் இப்படிப் போகிறான். இந்தப் பந்தயத்தை வீட்டில் கண்டிப்பாகத் தடுக்கணும்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று குதிக்காமல், காலை நனைத்து, முகத்தில் தெளித்துக்கொண்டு, மூச்சு நிதானமான பிறகு இறங்கச் சொல்லுங்கள். கரையில் பெரியவர் ஒருவர் இருக்கணும். கயிறு கட்டிய காலி பிளாஸ்டிக் குடம் ஒன்று கிணற்றடியில் எப்போதும் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால், நீந்தத் தெரியாதவர்கள் குதிக்காமல் குடத்தை எறியுங்கள். புடவையை நீட்டுங்கள்.

வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, இப்படி மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கணும். கூட இருப்பவர் 108க்குப் போன் செய்யட்டும்.

தாய்மார்கள் கேட்க வேண்டியவை

உங்கள் மகனோ மகளோ குளிர் நாட்டில் முழுகப் போகிறேன் என்றால், சகோதரிகளே, அழுது தடுக்க வேண்டாம். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

உன்னோடு முழுகும் ஜோடி யார்? கரையில் யார் இருப்பார்கள்?

அடியில் எத்தனை டிகிரி? அந்தக் குளிருக்கு உன் உடை போதுமா? அந்த உடையில் பயிற்சி எடுத்தாயா?

ரெகுலேட்டர் குளிர் நீருக்கானதா? கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது?

பதிவு செய்துகொண்டாயா? (டோபர்மோரி பூங்காவில் முழுகுகிறவர்கள் எல்லோரும் கட்டாயம் பதிய வேண்டும்.)

குளிரெடுத்தால் நீ எப்படிச் சாடை காட்டுவாய்? உடனே மேலே வருவாயா?

இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். எந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார்களோ, அதைச் சரிசெய்துகொண்டு அடுத்த வாரம் போகச் சொல்லுங்கள். ஏரி எங்கேயும் ஓடிவிடாது.